கால்சியம் ஆக்சைடில் அடித்த 2, பெராக்சைடில் ஏன் நிற்கிறது?

தொண்டிப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் உங்கள் மகன், இணைதிறன்களை, அதாவது தனிமங்களின் சேர்க்கைத் திறனைக் காட்டும் எண்களை, ஒன்றன் எண்ணை மற்றதன் கீழ் வைத்துக் குறுக்கே மாற்றி எழுதும் முறைப்படி கால்சியம் ஆக்சைடுக்குக் கால்சியம் 2, ஆக்சிஜன் 2 என்று எழுதினான். ஆசிரியை இரண்டு எண்களையும் அடித்துவிட்டு ஒன்றுக்கு ஒன்று என்று திருத்தினார். மறுவாரம் ஹைட்ரஜன் பெராக்சைடின் வாய்ப்பாட்டில் ஹைட்ரஜன் 2, ஆக்சிஜன் 2 என்று புத்தகத்திலேயே அச்சாகியிருப்பதைக் கண்டவன், 'இதை மட்டும் ஏன் அடிக்கவில்லை?' என்று உங்களிடம் கேட்டிருக்கிறான். எண்களைச் சுருக்குவது பற்றிய கேள்வி போலத்தான் இது தோன்றுகிறது. ஆனால் பையன் உண்மையில் கேட்பது, வாய்ப்பாடு இணைதிறனிலிருந்து பிறக்கிறதா, அல்லது வாய்ப்பாடு வேறு வழியில் தெரிந்த பிறகு இணைதிறன் அதற்குத் துணையாக நிற்கிறதா என்பதை. அந்தக் கேள்விக்கு விடை கிடைத்தால் சுருக்குவது பற்றிய குழப்பம் தானாகத் தீர்ந்துவிடும்.

நான் வகுப்பறை ஆசிரியன் அல்லன். வாலிநோக்கம், திருப்பாலைக்குடி போல உப்பு விளையும் இந்தக் கடற்கரையில், ஓர் உப்பளத்தின் சோதனைக்கூடத்தில் 26 ஆண்டுகள் வேலை பார்த்தவன். ஓய்வுக்குப் பின் தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். உப்புகளைப் பற்றி உறுதியோடு பேசுவேன். கரிமச் சேர்மங்களில் என் பழக்கம் பாடப்புத்தக அளவுதான் என்பதால், அங்கே தேவைக்கு மேல் கால் வைக்கப்போவதில்லை.

முதலில் உறுதியானதைச் சொல்கிறேன். ஒரு தனிமத்தின் அணு, சேர்மமாகும்போது எத்தனை எலக்ட்ரான்களைக் கொடுக்கிறது, எடுக்கிறது, அல்லது பங்கிடுகிறது என்பதே பள்ளி அளவில் இணைதிறன். சோடியத்தில் 11 எலக்ட்ரான்கள் 2, 8, 1 என்று அடுக்கப்பட்டிருக்கின்றன. வெளிக்கூட்டில் உள்ள அந்த ஒன்றை இழந்தால் அது நிலைபெறுகிறது, ஆகவே இணைதிறன் 1. மெக்னீசியம் 2, 8, 2, இரண்டை இழக்கும். குளோரின் 2, 8, 7, ஒன்றை ஏற்கும். ஆக்சிஜன் 2, 6, இரண்டை ஏற்கும். கொடுத்த எண்ணிக்கையும் வாங்கிய எண்ணிக்கையும் நேராக வேண்டும், ஏனென்றால் நம் கையில் இருக்கும் உப்புக்கு மின்சுமை கிடையாது. கணக்கில் உள்ள ஒரே விதி இதுதான். குறுக்கே மாற்றி எழுதுவது தனி விதியன்று. இந்த நேர்செய்தலை விரைவாகச் செய்யக் கிடைத்த குறுக்குவழி. இரண்டு இணைதிறன்களுக்கும் மீச்சிறு பொது மடங்கைக் கண்டு, அதை ஒவ்வொரு இணைதிறனாலும் வகுத்தாலும் அதே எண்கள் வரும். இந்த இரண்டாவது வழியில் சென்றால் கால்சியம் ஆக்சைடில் 2-க்கும் 2-க்கும் பொது மடங்கு 2. 2-ஐ 2-ஆல் வகுத்தால் 1. அடிக்க வேண்டிய எண்ணே தோன்றாது. ஆகவே என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு நான் பொது மடங்கைத்தான் முதலில் சொல்லித்தருகிறேன்; குறுக்குவழி பிறகு அவர்களுக்குத் தானாக வந்துவிடுகிறது.

இந்தக் கணக்கு தேர்வுத்தாளோடு நிற்பதன்று என்பதற்கு என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதங்களில், உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியத்தின் அளவைக் கண்டுபிடித்து, அதை மெக்னீசியம் குளோரைடாக மாற்றி எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. சோடியம் குளோரைடைப் போலவே இதையும் ஒன்றுக்கு ஒன்று என்று கொண்டு, 24.3-ஓடு 35.45-ஐக் கூட்டி, ஒரு கிராம் மெக்னீசியத்துக்கு 2.46 கிராம் குளோரைடு என்று கணக்கிட்டேன். மெக்னீசியத்தின் இணைதிறன் 2 என்பதால் குளோரின் இரண்டு வேண்டும். அப்போது கூட்டுத்தொகை 95.2, ஒரு கிராமுக்கு 3.92 கிராம். மூத்தவர் என் தாளைப் பார்த்துவிட்டு, 'தம்பி, குளோரினைத் தனியாக அளந்த கணக்கோடு இது ஒத்துவருகிறதா பார்' என்று மட்டும் சொன்னார். ஒத்துவரவில்லை. வாய்ப்பாட்டில் விட்டுப்போன ஒரு 2, மழைக்காலத்தில் கசியப்போகும் உப்பை நல்ல உப்பு என்று காட்டியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மூட்டையில் உப்பு நீர்விடுவதற்குப் பெரும் காரணம் காற்றின் ஈரத்தை இழுக்கும் அந்த மெக்னீசியம் குளோரைடுதான்.

இனி உங்கள் மகனின் கேள்விக்கு வருகிறேன். இந்தக் கரையில் சிப்பியையும் கிளிஞ்சலையும் காளவாசலில் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பார்கள். பவளப்பாறையை வெட்டி அதற்குப் போட்ட காலமும் இருந்தது; இப்போது அது சட்டப்படி குற்றம். சிப்பி, பவளம் இரண்டும் கால்சியம் கார்பனேட். சுட்டால் கரியமில வாயு வெளியேறிக் கால்சியம் ஆக்சைடு மிஞ்சும். அதில் நீர் ஊற்றி நீற்றினால் கால்சியம் ஹைட்ராக்சைடு. சுட்ட சுண்ணாம்புக் கட்டி ஒன்றை எடுத்து, அதற்குள் ஒரு கால்சியமும் ஓர் ஆக்சிஜனும் மட்டும் சேர்ந்த தனி மூலக்கூறு எங்கே என்று தேடினால் கிடைக்காது. ஒவ்வொரு கால்சியம் அயனியையும் (எலக்ட்ரானை இழந்தோ ஏற்றோ மின்சுமை பெற்ற அணுவே அயனி) ஆறு ஆக்சைடு அயனிகள் சூழ்ந்திருக்கின்றன; ஒவ்வோர் ஆக்சைடு அயனியையும் ஆறு கால்சியம் அயனிகள் சூழ்ந்திருக்கின்றன; கட்டி முழுவதும் இதே அடுக்குதான். நம் உப்புப் பரலுக்குள் சோடியமும் குளோரினும் இருப்பதும் இதே ஒழுங்கில்தான். அங்கே 'எத்தனை' என்ற கேள்விக்கே பொருள் இல்லை. 'எந்த விகிதத்தில்' என்ற கேள்விக்கு மட்டுமே பொருள் உண்டு. விகிதத்தை மிகச் சிறிய முழு எண்களில் எழுதுவது வழக்கம். ஆகவே ஆசிரியை அடித்தது சரி.

ஹைட்ரஜன் பெராக்சைடு அப்படிப்பட்டதன்று. அங்கே தனித்தனி மூலக்கூறு உண்மையாகவே இருக்கிறது. ஆக்சிஜனுக்கு இரண்டு கைகள் என்று வைத்துக்கொண்டால், இரண்டு ஆக்சிஜன்கள் ஒரு கையால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, மீதமுள்ள கையால் ஆளுக்கொரு ஹைட்ரஜனைப் பிடித்திருக்கின்றன. ஆக்சிஜனின் இணைதிறன் 2, ஹைட்ரஜனின் இணைதிறன் 1 என்ற விதி இம்மியும் மீறப்படவில்லை. குறுக்கே மாற்றி எழுதும்போது, ஓர் ஆக்சிஜன் இன்னோர் ஆக்சிஜனோடு கை கோக்காது என்று நாம் சொல்லாமலே அனுமானித்துக்கொள்கிறோம்; அந்த அனுமானம் இங்கே பொய்த்துவிட்டது, அவ்வளவுதான். மூலக்கூறு நிறை 34 என்று அளந்திருக்கிறார்கள். ஒன்றுக்கு ஒன்று என்று சுருக்கினால் நிறை 17 ஆகிவிடும்; அப்படி எழுதுவது இல்லாத ஒரு பொருளை எழுதுவதாகும். பழக்கடைகளில் மாம்பழத்தைப் பழுக்கவைக்கத் தடையை மீறிப் பயன்படுத்தும் கார்பைடு கல்லிலும் இதே கதைதான். கால்சியத்தின் இணைதிறன் 2, கார்பனின் இணைதிறன் 4 என்று கொண்டு குறுக்கே மாற்றிச் சுருக்கினால் கால்சியம் 2, கார்பன் 1 என்று வரும். உண்மையில் கால்சியம் 1, கார்பன் 2. இரண்டு கார்பன்கள் தமக்குள் மூன்று கைகளால் பிணைந்துகொண்டு, ஆளுக்கொரு கையை மட்டும் கால்சியத்துக்கு நீட்டியிருக்கின்றன.

மூலக்கூறாக இருக்கும் பொருளைச் சுருக்குவதால் எவ்வளவு இழப்போம் என்பதற்கு, நான் மேலே சொன்ன எல்லையைச் சற்றே தாண்டி ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன், ஏனென்றால் இதைவிடத் தெளிவானது எனக்குக் கிடைக்கவில்லை. மீன் கெடாமலிருக்கச் சிலர் தெளிப்பதாக அவ்வப்போது செய்தி வரும் ஃபார்மலினில் உள்ள ஃபார்மால்டிஹைடில் கார்பன் 1, ஹைட்ரஜன் 2, ஆக்சிஜன் 1. வினிகரின் புளிப்புக்குக் காரணமான அசிட்டிக் அமிலத்தில் கார்பன் 2, ஹைட்ரஜன் 4, ஆக்சிஜன் 2. நம் இரத்தத்தில் ஓடும் குளுக்கோஸில் கார்பன் 6, ஹைட்ரஜன் 12, ஆக்சிஜன் 6. மூன்றையும் சுருக்கினால் ஒரே விகிதம். ஒன்று நஞ்சு, ஒன்று ஊறுகாய்க்கு, ஒன்று உயிருக்கு. ஆகவே பையனுக்கு இப்படிச் சொல்லுங்கள்: உலோகமும் அலோகமும் அயனிகளாகச் சேர்ந்த உப்பென்றால் சுருக்கு, மூலக்கூறென்றால் தொடாதே. இதற்கும் விலக்கு உண்டு. பாதரசத்தின் ஒரு குளோரைடில் பாதரசம் 2, குளோரின் 2 என்றே எழுதுகிறோம், ஏனென்றால் அங்கே இரண்டு பாதரச அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்து ஒரே அயனியாக நிற்கின்றன. சோடியம் பெராக்சைடிலும் இரண்டு ஆக்சிஜன்கள் சேர்ந்து ஒரே அயனி. 'சேர்ந்தே இருப்பதைப் பிரிக்காதே' என்று எழுதினால் விலக்கும் விதிக்குள் வந்துவிடும்.

வாய்ப்பாடு முதலா, இணைதிறன் முதலா என்பதற்கு வரலாற்றில் தெளிவான விடை உண்டு. 1808-ல் ஜான் டால்டன் அணுக்கொள்கையை வெளியிட்டபோது நீரில் ஹைட்ரஜன் ஒன்று, ஆக்சிஜன் ஒன்று என்றுதான் எழுதினார். எடைகளின் விகிதம் அவரிடம் இருந்தது. எண்ணிக்கையை அறிய வழி இல்லாததால் எளிமையானதை எடுத்துக்கொண்டார். ஒரே வெப்பத்திலும் அழுத்தத்திலும் சம கன அளவுள்ள வாயுக்களில் மூலக்கூறுகளும் சமம் என்று அவகாட்ரோ 1811-ல் சொன்னது, 1860-ல் கார்ல்ஸ்ரூஹேயில் வேதியியலாளர்கள் கூடியபோது கன்னிசாரோ அதை மீண்டும் வலியுறுத்திய பிறகுதான் பரவலாக ஏற்கப்பட்டது. எண்ணிக்கைக் குழப்பமும் அதன் பிறகே தீர்ந்தது. இதற்கிடையே 1852-ல் எட்வர்ட் ஃபிராங்க்லாண்ட், அளந்து கண்ட வாய்ப்பாடுகளை வரிசையாக வைத்துப் பார்த்து, ஒவ்வொரு தனிமத்துக்கும் குறிப்பிட்ட சேர்க்கைத் திறன் இருப்பதைக் கவனித்தார். அதாவது வாய்ப்பாடுகள் முந்தியவை, தராசில் பிறந்தவை. இணைதிறன் அவற்றிலிருந்து வடித்தெடுத்தது. எலக்ட்ரான்களைக் கொண்டு அதற்குக் காரணம் சொன்னது அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து. கில்பர்ட் லூயிஸின் கட்டுரை 1916-ல் வந்தது. ஆனால் வடித்தெடுத்த விதி பிறகு முன்னே செல்லவும் உதவியது. மெண்டலீவ் தம் தனிம அட்டவணையில் அலுமினியத்துக்குக் கீழே காலியிடம் விட்டு, அங்கே வரப்போகும் தனிமத்தின் ஆக்சைடில் உலோகம் 2, ஆக்சிஜன் 3 இருக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்; 1875-ல் கண்டுபிடிக்கப்பட்ட காலியம் அப்படியே இருந்தது.

உறுதி குறையும் இடத்துக்கு இப்போது வருகிறேன். எலக்ட்ரான் அடுக்கை வைத்து இணைதிறனைச் சொல்லும் முறை முதல் இருபது தனிமங்களுக்கு, அதாவது கால்சியம் வரைக்கும், பெரும்பாலும் கைகொடுக்கும். அவற்றுக்குள்ளேயே பாஸ்பரஸும் கந்தகமும் ஒன்றுக்கு மேற்பட்ட இணைதிறன் காட்டும். இரும்பு 2, 8, 14, 2. வெளிக்கூட்டை மட்டும் பார்த்தால் 2 என்றுதான் சொல்லத் தோன்றும். உள்கூட்டிலிருந்தும் ஒன்றை இழந்து 3 ஆவதும் உண்டு. இந்த இரண்டில் எது என்பதை அட்டவணை சொல்லாது, பெயர்தான் சொல்ல வேண்டும்: ஃபெரஸ் என்றால் 2, ஃபெரிக் என்றால் 3. 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தின் இரும்பை உப்புக்காற்று ஒரு நூற்றாண்டாகத் தின்றதே, அந்தத் துரு பெரும்பாலும் ஃபெரிக் வகை. 3-க்கும் 2-க்கும் பொது மடங்கு 6, ஆகவே இரும்பு 2, ஆக்சிஜன் 3. ஆனால் துருவில் நீரும் கூடக் குறையக் கலந்திருக்கும். அதற்கு ஒரே வாய்ப்பாடு எழுதுவது வசதிக்காகத்தான். காந்தக் கல்லான மேக்னடைட்டில் இரும்பு 3, ஆக்சிஜன் 4. இணைதிறனைக் கணக்கிட்டால் எட்டை மூன்றாகப் பங்கு போட்டது போல் பின்னம் வந்து பிள்ளைகள் விழிப்பார்கள். ஓர் இரும்பு 2, மற்ற இரண்டும் 3 என்று கொண்டால் கூட்டுத்தொகை 8. நான்கு ஆக்சிஜனுக்கும் 8. கணக்கு நேர். ஃபெரஸ் ஆக்சைடோ இன்னும் ஒரு படி மேல்: ஒன்றுக்கு ஒன்று என்று புத்தகம் எழுதும் அந்தப் பொருளில், இரும்பு பொதுவாக ஒன்றுக்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும்.

இணைதிறன் சொல்லாத வேறொன்று படிக நீர். பாத்தியில் கடல்நீர் காயும்போது அதன் அடர்த்தி சுமார் 13 பாமே டிகிரியை எட்டினால் ஜிப்சம் பிரியத் தொடங்கும். 25-ஐ ஒட்டிச் சாப்பாட்டு உப்பு விழும். 29, 30 என்று ஏறினால் மெக்னீசியம் மிகுந்த கசப்பு நீரை வெளியேற்றிவிடுவோம். ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட். இரண்டுக்கும் 2, ஆகவே ஒன்றுக்கு ஒன்று. ஆனால் பாத்தியின் அடியில் படியும் ஜிப்சத்தில் ஒவ்வொரு கால்சியம் சல்பேட்டோடும் இரண்டு நீர் மூலக்கூறுகள் குடியிருக்கின்றன. பேதி உப்பு என்று மருந்துக்கடையில் விற்கும் மெக்னீசியம் சல்பேட்டில் ஏழு. இந்த 2-ஐயும் 7-ஐயும் எந்த இணைதிறனை வைத்தும் வருவிக்க முடியாது. சூடாக்கி எடைபோட்டுத்தான் அறிய வேண்டும். அதுபோலவே, கணக்கு நேராக வருவதால் மட்டும் ஒரு பொருள் உலகில் இருக்கிறது என்று ஆகிவிடாது. கணக்குக்கு அடங்காத பொருளும் சில வேளை இருக்கும். 2013-ல், பூமியின் ஆழத்தில் உள்ளதுபோன்ற கடும் அழுத்தத்தில், சோடியம் 1-க்குக் குளோரின் 3 உள்ள பொருளை ஆய்வகத்தில் உண்டாக்கிக் காட்டினார்கள். எங்கள் பாத்தியில் அப்படி ஒன்று விளையாது என்பதால் தேர்வில் பழையபடியே எழுதலாம்.

பிள்ளைகள் மதிப்பெண் இழப்பது பெரும்பாலும் கணக்கிலன்று, பெயரில். குளோரைடு, குளோரேட், சல்பைடு, சல்பேட், அயோடைடு, அயோடேட். 'ஐடு' என்று முடிந்தால் பெரும்பாலும் அந்தத் தனிமம் தனியே நிற்கிறது; ஹைட்ராக்சைடு, பெராக்சைடு போன்றவை விலக்கு. 'ஏட்' என்று முடிந்தால் ஆக்சிஜனையும் கூட்டிக்கொண்டு ஒரு தொகுதியாக வருகிறது. நம் நாட்டில் உப்பில் சேர்ப்பது பொட்டாசியம் அயோடேட். பொட்டாசியம் 1, அயோடின் 1, ஆக்சிஜன் 3. அயோடைடு என்று படித்தால் அந்த மூன்று ஆக்சிஜனும் காணாமல் போகும். தொகுதிகளின் இணைதிறனை மட்டும் மனப்பாடம் செய்யத்தான் வேண்டும், அதில் வெட்கமில்லை: ஹைட்ராக்சைடு, நைட்ரேட், பைகார்பனேட், அம்மோனியம் ஆகியவற்றுக்கு 1, சல்பேட்டுக்கும் கார்பனேட்டுக்கும் 2, பாஸ்பேட்டுக்கு 3. தொகுதி ஒன்றுக்கு மேல் வந்தால் அதற்கு அடைப்புக்குறி போட வேண்டும். நீற்றிய சுண்ணாம்பில் கால்சியம் 1, ஹைட்ராக்சைடு 2. அடைப்புக்குறி இல்லாமல் எழுதினால் ஹைட்ரஜன் மட்டும் இரண்டாகி, ஆக்சிஜன் ஒன்றோடு நின்றுவிடும்.

உங்கள் மகன் இதைப் புரிந்துகொண்டானா என்று பார்க்க, ஊருணித் தண்ணீரைத் தெளியவைக்கப் போடும் படிகாரத்தைக் கொடுத்துப் பாருங்கள். அதில் பொட்டாசியம் 1, அலுமினியம் 1, சல்பேட் எத்தனை என்று கேளுங்கள். குறுக்கே மாற்றி எழுத இங்கே வழியில்லை, ஏனென்றால் இருப்பது மூன்று வகை அயனிகள். பொட்டாசியத்தின் 1-ஓடு அலுமினியத்தின் 3-ஐக் கூட்டி 4 என்று கண்டு, சல்பேட் 2 என்று அவனாகச் சொன்னால் போதும். அதோடு குடியிருக்கும் 12 நீர் மூலக்கூறுகளை நீங்களே சொல்லிக்கொடுத்துவிடுங்கள். அதை அவனால் கணக்கிட முடியாது, யாராலும் முடியாது.